வேனிலும் வீடும்: குளிர்ச்சிக்கான செலவைக் குறைக்கும் வழிகள்

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர் செல்லும் பாதையில் ஏப்ரல் மாதத்து நண்பகலில் பயணம் செய்பவர்கள், ஓரிரு மணி நேரத்திற்குள் இரண்டு பருவங்களைக் கண்டுவிடுகின்றனர். சமவெளியில் அனல் வீசுகிறது. சின்னாற்றின் வறண்ட முட்காட்டிலும் வெப்பம் குறைவதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்திலுள்ள மறையூரை அடையும்போது காற்று இதமாகிறது. அங்கிருந்து மேலும் ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள காந்தலூரை எட்டினால், மாலையில் போர்வை தேவைப்படுகிறது. பூண்டும் ஆப்பிளும் பிளம்ஸும் விளையும் இம்மலைக் கிராமத்தில் கோடைக்காலத்தைக் கழிப்பதற்கென்றே பலர் சமவெளியிலிருந்து வருகின்றனர்.

காந்தலூரின் குளிர்ச்சி எவ்விதச் செலவுமின்றிக் கிடைப்பது. பொதுவாக, ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஆயின், மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள கணவாயில் அமைந்துள்ள பாலக்காட்டு மக்களுக்கும், அக்கணவாயின் கிழக்கே வாழும் கோவை, திருப்பூர் மாவட்ட மக்களுக்கும் இந்த இயற்கைக் கொடை இல்லை. குளிர்ச்சியை அவர்கள் விலை கொடுத்து வாங்கவேண்டியுள்ளது. அந்த விலை ஆண்டுக்காண்டு ஏறி வருகிறது. இதனைக் குறைக்க இயலுமா, எவ்வாறு குறைப்பது என்பது குடும்பத் தலைவர்கள் மட்டுமன்றித் திட்டமிடுவோரும் கவனிக்கவேண்டிய வினாவாகும்.

மலையின் நீரும் சமவெளியின் வெப்பமும்

காந்தலூர் அமைந்துள்ள அதே தேவிகுளம் வட்டத்தில்தான் 1940ஆம் ஆண்டில் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் செயல்படத் தொடங்கியது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அதுவே. 1976ஆம் ஆண்டில் இடுக்கி நீர்மின் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. மூலமற்றத்தில் நிலத்தடியில் அமைந்துள்ள அதன் மின்நிலையம் 780 மெகாவாட் திறனுடையது. சமவெளியில் சுழலும் மின்விசிறிகளுக்கும் இயங்கும் குளிர்சாதனங்களுக்கும் இம்மலைகளின் நீர் நீண்ட காலமாக ஆற்றல் அளித்து வருகிறது.

எனினும் நீர்மின் உற்பத்திக்கும் கோடைத் தேவைக்கும் இடையே இயல்பான முரண்பாடு ஒன்று உண்டு. மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில்தான் நீர்த்தேக்கங்களின் மட்டம் குறைந்து செல்கிறது. பருவமழை வந்த பின்னரே அவை மீண்டும் நிரம்புகின்றன. ஆகவே கோடையில் கேரளம் தனக்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கவேண்டியுள்ளது. பற்றாக்குறைக் காலத்தில் வாங்கும் மின்சாரத்தின் விலையும் அதிகம்.

2024ஆம் ஆண்டின் கோடை இதனைத் தெளிவாக உணர்த்தியது. ஏப்ரல் மாத இறுதியில் பாலக்காட்டில் வெப்பநிலை 41 டிகிரியைக் கடந்து, வெப்ப அலை அறிவிக்கப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டையும், ஒரு நாளின் மின்நுகர்வு 11 கோடி யூனிட்டையும் தாண்டின. மின்மாற்றிகள் பல பளு தாங்காது பழுதுற்றன. பாலக்காட்டுப் பகுதியில் மின்சாரப் பயன்பாட்டிற்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. குளிர்சாதனங்களை 26 டிகிரிக்குக் கீழே வைக்கவேண்டாம் என்று மின்வாரியம் மக்களைக் கேட்டுக்கொண்டது.

இக்கோடையில் மற்றொரு மாற்றமும் புலப்பட்டது. முன்பெல்லாம் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரையிலான நேரமே உச்ச தேவை நேரமாக இருந்தது. விளக்கேற்றும் நேரம் அதுவாகையால் அவ்வாறு அமைந்தது. இப்பொழுதோ இரவு 10 மணிக்குப் பின்னரும், நள்ளிரவை நெருங்கியும் மின்தேவை உயர்ந்தே நிற்கிறது. சூரியன் மறைந்து பல மணி நேரம் ஆன பின்பும் வீடுகள் ஏன் குளிர்வதில்லை? குளிர்ச்சிச் செலவைக் குறைக்கும் வழி இவ்வினாவின் விடையில் அடங்கியுள்ளது.

வெப்பம் நுழையும் வழிகள்

வீட்டிற்குள் வெப்பம் கூரை, சுவர், சாளரம், காற்று ஆகிய நான்கு வழிகளில் நுழைகிறது. அடுப்பு, விளக்கு, மின்கருவிகள் ஆகியவற்றால் உள்ளேயே உண்டாகும் வெப்பம் ஐந்தாவது. இவற்றுள் கூரையே முதன்மையானது.

காந்தலூரும் பாலக்காடும் உடுமலையும் ஏறத்தாழ வட அட்சம் 10, 11 டிகிரியை ஒட்டி அமைந்துள்ளன. இந்த அட்சரேகையில் ஏப்ரல் மாத நடுவிலும் ஆகஸ்ட் மாத இறுதியிலும் நண்பகற் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கிறது. அப்பொழுது தட்டையான தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1,000 வாட் வெப்ப ஆற்றல் விழுகிறது. 80 சதுர மீட்டர் தளமுடைய நடுத்தர வீடொன்றின் மீது விழுவது, 80 இஸ்திரிப் பெட்டிகளை ஒருசேரச் சூடாக்கினால் உண்டாகும் வெப்பத்திற்கு ஈடாகும். இதில் பெரும்பங்கு காற்றாலும் வானத்தை நோக்கிய கதிர்வீச்சாலும் வெளியேறிவிடுகிறது. எனினும் எஞ்சிய பகுதியே வீட்டைச் சூடாக்கப் போதுமானது.

பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் இந்த வெப்பத்தைப் பகலெல்லாம் உள்வாங்குகிறது. உள்வாங்கிய வெப்பம் தளத்தின் அடிப்பக்கத்தை எட்டச் சில மணி நேரம் ஆகிறது. ஆகவே பிற்பகலில் தொடங்கி இரவு நெடுநேரம் வரை தளம் அறைக்குள் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கிறது. படுக்கையில் இருப்பவருக்கு மேலே ஓர் அடுப்பு மெல்லக் கனன்றுகொண்டிருப்பதற்கு ஒப்பானது இது. மின்விசிறி, தளத்தை ஒட்டிய சூடான காற்றையே கீழே தள்ளுகிறது. குளிர்சாதனம் இயங்கும் வீட்டிலும் அதன் உழைப்பில் பெரும்பகுதி இந்தத் தளத்தின் வெப்பத்தை அகற்றுவதற்கே செலவாகிறது. மின்தேவையின் உச்சம் நள்ளிரவை நோக்கி நகர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சுவர்களுள் கிழக்கும் மேற்கும் கோடையில் மிகுதியாக வெயில் படுபவை. காலையிலும் மாலையிலும் தாழ்வாக நிற்கும் சூரியன் அவற்றை நேராகத் தாக்குகிறது. தெற்குச் சுவருக்குக் கோடையில் வெயில் மிகக் குறைவு. மே, ஜூன் மாதங்களில் சூரியன் வடக்கே சாய்வதால் வடக்குச் சுவரே ஓரளவு வெயிலைப் பெறுகிறது. வெயிற்காப்பு எந்தப் பக்கத்திற்கு முதலில் வேண்டும் என்பதை முடிவு செய்ய இச்செய்தி உதவும்.

முன்னோர் கண்ட தீர்வு

மின்சாரம் வராத காலத்திலும் பாலக்காட்டுக் கணவாயில் மக்கள் வாழ்ந்தனர். அங்குள்ள தமிழர்கள் 'கிராமம்' என்று வழங்கும் கல்பாத்தி முதலிய அக்கிரகாரத் தெருக்களில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக அமைந்துள்ளன. இரு வீடுகளுக்கு ஒரே பொதுச்சுவர். ஆகவே பக்கச்சுவர்களில் வெயில் படுவதேயில்லை. முன்புறமும் பின்புறமும் மட்டுமே வெயிலுக்கு ஆட்படுகின்றன. முன்புறச் சுவருக்குத் திண்ணையும் தாழ்வாரமும் நிழல் தருகின்றன. ஓட்டுக் கூரைக்கும் அறைக்கும் இடையே மரப்பலகை மச்சு உள்ளது. ஓட்டின் வெப்பம் மச்சிற்கு மேலேயே தங்கி, ஓட்டிடுக்குகளின் வழியே வெளியேறிவிடுகிறது. முற்றம் வீட்டின் நடுவே காற்றோட்டத்தை உண்டாக்குகிறது.

மலையில் தேவை வேறு விதமானது. மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி ஆகிய ஊர்களைக் கொண்ட அஞ்சுநாட்டுப் பகுதியில் பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் இடையே வேறுபாடு மிகுதி. ஆகவே ஒரே வீடு பகலில் குளிர்ந்தும் இரவில் கதகதப்பாகவும் இருக்கவேண்டும். கனத்த மண்சுவரும் புல் வேய்ந்த கூரையும் இவ்விரண்டையும் நிறைவு செய்யவல்லவை. ஓரடிக் கனமுள்ள மண்சுவரைக் கடந்து பகல் வெப்பம் உட்புறத்தை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. குளிர் தொடங்கும் வேளையில் அந்த வெப்பம் பயன்படுகிறது. இடையிடையே காற்றை அடக்கிய புற்கூரையோ வெப்பம் செல்வதையே தடுக்கிறது.

இவ்வகை வீடுகள் இன்று அருகி வருவதற்குக் காரணங்கள் உண்டு. புற்கூரையை அடிக்கடி மாற்றவேண்டும், தீயினால் ஆபத்து உண்டு, மழையில் ஒழுகும். கான்கிரீட் வீட்டையே உறுதியான வீடென்று மக்கள் விரும்புவதில் தவறில்லை. ஆயின் உறுதியைப் பெறும்போது குளிர்ச்சியை இழக்கவேண்டியதில்லை என்பதை ஒரு கட்டடக் கலைஞரின் பணி நிறுவியுள்ளது.

லாரி பேக்கர் காட்டிய வழி

இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, 1945இல் இந்தியாவிற்கு வந்த லாரி பேக்கர், இன்றைய இடுக்கி மாவட்டத்திலுள்ள வாகமண் மலைப்பகுதியில் 1960களில் வாழ்ந்தார். மலைமக்கள் தமக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டே தட்பவெப்பத்திற்கு இயைந்த வீடுகளை அமைத்ததை அவர் கூர்ந்து நோக்கியவர். பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறி, 1970களின் தொடக்கத்தில் அங்கு வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைக் கட்டினார். பூசப்படாத செங்கல்லும், இடைவெளி விட்டு அடுக்கிய செங்கற் சாளரங்களும், நிழல் தரும் மரங்களும் கொண்ட அவ்வளாகம், குறைந்த செலவில் குளிர்ந்த கட்டடம் இயலும் என்பதற்குச் சான்றாக நிற்கிறது. அவருடைய முறைகளைப் பரப்புவதற்காக 1985இல் 'காஸ்ட்ஃபோர்டு' என்னும் அமைப்பு கேரளத்தில் தொடங்கப்பட்டது. 2007இல் மறையும் வரை பேக்கர் இப்பணியில் ஈடுபட்டிருந்தார்.

அவர் பரப்பிய முறைகளுள் இரண்டு இங்குக் குறிப்பிடத்தக்கவை. முதலாவது 'எலிப்பொறிக் கட்டு' என்னும் சுவர் முறை. செங்கற்களைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்கும்போது, ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே வெற்றிடம் அமைகிறது. அங்கு அடைபடும் காற்று வெப்பம் கடப்பதைக் குறைக்கிறது. செங்கல்லும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகிறது. இரண்டாவது 'நிரப்புத் தளம்'. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது இரும்புக் கம்பியேயன்றிக் கான்கிரீட் அன்று. ஆகவே கம்பிகளுக்கு இடையில் அப்பகுதியை மங்களூர் ஓடுகளால் நிரப்பலாம். கான்கிரீட்டின் அளவும் குறைகிறது. ஓடும் அதனிடையே உள்ள காற்றும் வெப்பத்தைத் தடுக்கின்றன. இவ்விரு முறைகளிலும் கட்டும் செலவும் பின்னர் வரும் குளிர்ச்சிச் செலவும் ஒருசேரக் குறைவதே சிறப்பு.

கட்டிய வீட்டிற்குச் செய்யக்கூடியவை

புதிய வீடு கட்டுவோரைவிட முன்னரே கட்டிய வீட்டில் வாழ்வோரே மிகுதி. அவர்களும் செய்யக்கூடியவை பல உள்ளன. குறைந்த செலவுடையவை முதலாக அவற்றை வரிசைப்படுத்தலாம்.

முதலாவது, மொட்டைமாடிக்கு வெள்ளையடித்தல். மங்கிய கான்கிரீட் தளம் தன்மீது படும் வெயிலில் ஏறத்தாழ 30 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. புதிதாக அடித்த வெண்ணிறப் பூச்சு 70 முதல் 80 சதவீதம் வரை திருப்பிவிடும். முன்னர்க் கூறிய கணக்கின்படி, 56 இஸ்திரிப் பெட்டிகளின் வெப்பத்தை ஏற்றுக்கொண்ட தளம், வெள்ளையடித்த பின் 16 முதல் 24 வரையிலான பெட்டிகளின் வெப்பத்தையே ஏற்கிறது. சுண்ணாம்புடன் சிறிது வெள்ளைச் சிமெண்டும் பசையும் கலந்து இரண்டு மூன்று பூச்சு பூசினால் போதும். அறையின் வெப்பம் சில டிகிரி குறையும். மழையிலும் தூசியிலும் வெண்மை மங்கிவிடுவதால் ஒவ்வோர் ஆண்டும் மாசி மாதத்தில் தளத்தைக் கழுவி மீண்டும் பூசுதல் நன்று.

இரண்டாவது, சாளரங்களுக்கு வெளிப்புற நிழல் அமைத்தல். உள்ளே தொங்கும் திரைச்சீலை கண்கூச்சத்தைத் தவிர்க்கும். வெப்பத்தை அவ்வளவாகத் தவிர்க்காது. கண்ணாடியைக் கடந்துவிட்ட வெப்பம் திரைக்கும் சாளரத்திற்கும் இடையே தங்கி அறைக்குள்ளேயே பரவுகிறது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதே பயன் தரும். மூங்கில் தட்டி, கோரைப்பாய், கீற்றுப் பந்தல் ஆகியவற்றுள் எதுவும் இதற்கு ஏற்றதே. மேற்குச் சாளரத்திற்கு முதலிடம் தருதல் வேண்டும்.

மூன்றாவது, தளத்திற்கு மேல் நிழல். மொட்டைமாடியில் பாகல், புடல், கோவை முதலிய கொடிகளைப் பந்தலில் படரவிட்டால் காயும் கிடைக்கும். தளமும் வெயிலினின்று காக்கப்படும். மண் தொட்டிகளின் பளுவைத் தளம் தாங்குமா என்பதையும், நீர் கசியாதிருப்பதையும் முன்னரே உறுதி செய்துகொள்ளவேண்டும்.

நான்காவது, நிலையான வெப்பக்காப்பு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளத்தின் மேல் இட்டு, அதன்மீது தட்டோடு பதிக்கும் முறை தமிழ்நாட்டில் நீண்ட காலமாக வழக்கிலுள்ளது. வெற்று மண்சட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி அவற்றின் மேல் தளம் போடும் முறையும் உண்டு. சட்டியினுள் அடைபட்ட காற்றே அங்குக் காப்பாகிறது. இவற்றிற்குச் செலவு கூடுதலாயினும் பல ஆண்டுகள் நிலைக்கும்.

இங்கு இடவேறுபாட்டைக் கருதுதல் அவசியம். பாலக்காட்டிற்கும் உடுமலைக்கும் வெள்ளைப் பூச்சு ஏற்றது. காந்தலூர் போன்ற குளிர்ந்த ஊர்களில் அதே பூச்சு, மார்கழி, தை மாதங்களில் வேண்டிய வெயிலின் கதகதப்பையும் விலக்கிவிடும். அத்தகைய ஊர்களுக்கு இரு பருவத்திலும் உதவும் வெப்பக்காப்பே பொருத்தமானது.

காற்றை எப்பொழுது அனுமதிப்பது?

சாளரங்களை எந்நேரமும் திறந்துவைத்தால் வீடு குளிரும் என்று பலர் கருதுகின்றனர். கடலோர ஊர்களில் வியர்வை உலர்வதற்குக் காற்றோட்டம் எந்நேரமும் வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட பகுதிகளிலோ வெளிக்காற்று நண்பகலில் வீட்டின் உட்காற்றைவிட வெப்பமாக இருக்கிறது. அங்குக் காலை 9 மணியளவில் சாளரங்களை மூடி, மாலையில் வெளிக்காற்று தணிந்த பின் அனைத்தையும் திறந்துவிடுதல் நன்று. இரவெல்லாம் நுழையும் குளிர்காற்று சுவர்களையும் தரையையும் குளிர்விக்கும். அந்தக் குளிர்ச்சி மறுநாள் முற்பகல் வரை நிற்கும். தாழ்வான சாளரத்தின் வழியே காற்று நுழைந்து, உயரமான வழியாக வெப்பக்காற்று வெளியேறுமாறு அமைத்தால் பயன் மிகும்.

மின்விசிறி, காற்றுக் குளிர்விப்பான், குளிர்சாதனம்

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. உடலின் வியர்வையை உலரச் செய்து மனிதரைக் குளிர்விக்கிறது. ஆகவே ஆளில்லாத அறையில் அது சுழல்வது வீண். பழைய கூரை மின்விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் கொள்கிறது. பி.எல்.டி.சி. என்னும் புதியவகை மோட்டார் பொருத்திய மின்விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் மாதம் ஒன்றிற்கு ஏறத்தாழ 13 யூனிட் மிச்சம். மூன்று விசிறிகள் உள்ள வீட்டில் இது 40 யூனிட் ஆகும்.

நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும் 'ஏர் கூலர்' வறண்ட காற்றில் நன்கு பயன்படும். வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளிக்கும் பழைய வழக்கத்தின் இயந்திர வடிவமே அது. கிழக்குக் காற்று வீசும் மாசி, பங்குனியில் பாலக்காட்டிலும், கோடை முழுவதும் உடுமலை போன்ற உள்நாட்டு ஊர்களிலும் இது குறைந்த மின்சாரத்தில் பயன் தரும். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் இதனால் புழுக்கமே கூடும். பயன்படுத்தும்போது சாளரத்தைச் சற்றுத் திறந்துவைத்தல் வேண்டும்.

குளிர்சாதனம் வாங்குவோர் அதன்மீது ஒட்டப்பட்டுள்ள நட்சத்திரக் குறியீட்டைக் கவனிக்கவேண்டும். இந்தியாவில் அறைக் குளிர்சாதனங்களுக்கு இக்குறியீடு 2010 முதலும், கூரை மின்விசிறிகளுக்கு 2023 முதலும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆண்டுக்கு 1,600 மணி நேரம் இயங்கினால் எத்தனை யூனிட் செலவாகும் என்பதும் குளிர்சாதனத்தின் குறியீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். விலையோடு இவ்வெண்ணையும் ஒப்பிட்டே வாங்குதல் அறிவுடைமை. 2020 சனவரி முதல் புதிய குளிர்சாதனங்கள் தொடக்க நிலையில் 24 டிகிரியில் இயங்குமாறு அமைக்கப்படுகின்றன. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் மதிப்பீடு. 26 அல்லது 27 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் உறக்கத்திற்குப் போதுமான குளிர்ச்சி கிடைக்கும். வடிகட்டியை அடிக்கடி கழுவுதலும், வெளிப்புறக் கருவிக்குக் காற்றோட்டம் தடைபடாத நிழல் அமைத்தலும் செலவைக் குறைக்கும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கேரளத்தின் மின்கட்டண முறையில் மாதம் 250 யூனிட் என்பது முக்கியமான எல்லை. அதுவரை பயன்பாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் அதற்குரிய கட்டணம் தனித்தனியே கணக்கிடப்படுகிறது. எல்லையைத் தாண்டினால் முதல் யூனிட் முதற்கொண்டு அனைத்திற்கும் ஒரே உயர்ந்த கட்டணம். தமிழ்நாட்டிலும் இரு மாதங்களில் 500 யூனிட்டைக் கடப்பவர்கள் கீழ்ப்படிகளின் சலுகைக் கட்டணத்தில் ஒரு பகுதியை இழக்கின்றனர். ஆகவே எல்லையை ஒட்டிச் சேமிக்கும் சில யூனிட்டுகள் தம் அளவைவிட மிகுந்த பயனைத் தரும்.

எடுத்துக்காட்டாக, குளிர்சாதனமின்றி மாதம் 180 யூனிட் செலவிடும் பாலக்காட்டுக் குடும்பம் ஒன்றைக் கருதலாம். மணிக்கு 0.7 யூனிட் கொள்ளும் குளிர்சாதனத்தை இரவில் எட்டு மணி நேரம் இயக்கினால் மாதம் 168 யூனிட் கூடும். மொத்தம் 348 யூனிட். 250 என்னும் எல்லை வெகுவாகக் கடக்கப்படுகிறது. அதே குடும்பம் தளத்திற்கு வெள்ளையடித்து, மேற்குச் சாளரத்திற்குத் தட்டி கட்டி, வெப்பநிலையை 26 டிகிரியில் வைத்தால், முன்னிரவில் நான்கு மணி நேரம் இயக்குவதே போதுமானதாகலாம். மணிக்கு 0.6 யூனிட் எனக் கொண்டால் மாதம் 72 யூனிட். மூன்று பழைய விசிறிகளையும் மாற்றினால் 40 யூனிட் குறையும். மொத்தம் 212 யூனிட். குடும்பம் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. சுண்ணாம்புக்கும் தட்டிக்கும் செய்த செலவை ஒரே கோடையில் மீட்டுவிடலாம். விசிறிகளின் விலை மீளச் சற்றுக் காலம் பிடிக்கும்.

குளிர்சாதனம் இல்லாத வீடுகள்

இந்தக் கணக்கு எவருக்கும் பொருந்துவதன்று. மத்திய அரசு 2019 மார்ச்சில் வெளியிட்ட இந்தியக் குளிர்ச்சிச் செயல்திட்டத்தின்படி, அக்காலத்தில் நாட்டின் குடும்பங்களுள் ஏறத்தாழ 8 சதவீதமே குளிர்சாதனம் வைத்திருந்தன. எஞ்சிய பெரும்பான்மையோர், அவர்களுள்ளும் தகரத்தின் கீழும் ஆஸ்பெஸ்டாஸின் கீழும் வாழ்வோர், வெப்பத்தை உடலால் தாங்குகின்றனர். முதியோர், கைக்குழந்தைகள், கருவுற்ற பெண்கள், பகலெல்லாம் வயலிலும் சாலையிலும் உழைத்துத் திரும்புவோர் ஆகியோருக்கு இரவில் உடல் தணிய வாய்ப்பின்றேல் உயிருக்கே இடர் நேரலாம். அவர்களைப் பொறுத்தவரை கூரையைக் குளிர்வித்தல் சிக்கனம் மட்டுமன்று, உடல்நலக் காப்புமாகும்.

இதனை உணர்ந்து சில நகரங்களும் மாநிலங்களும் முயற்சி மேற்கொண்டுள்ளன. 2010ஆம் ஆண்டின் கடும் வெப்ப அலையைத் தொடர்ந்து, அகமதாபாத் நகரம் 2013இல் வெப்பத் தடுப்புச் செயல்திட்டத்தை வகுத்தது. 2017இல் எளிய மக்களின் வீட்டுக்கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் பணியை அங்கு மேற்கொண்டனர். தெலங்கானா மாநிலம் 2023இல் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்தது. குடியிருப்புக் கட்டடங்களுக்கென 2018இல் மத்திய அரசு வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் விதித்தொகுப்பு, கூரை வழியாகக் கடக்கும் வெப்பத்திற்கு வரம்பு விதிக்கிறது. காப்பு எதுவுமற்ற சாதாரணக் கான்கிரீட் தளம் அவ்வரம்பைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தைக் கடத்தக்கூடியது. அரசின் வீட்டுவசதித் திட்டங்களில் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டிற்கும் வெண்தளமோ தட்டோடோ மதிப்பீட்டிலேயே சேர்க்கப்படுமாயின், பயனாளிகள் பின்னர் மின்கட்டணமாகச் செலுத்தவேண்டிய தொகை பெரிதும் குறையும்.

மலைக்கும் ஒரு பாடம்

காந்தலூரும் மாறி வருகிறது. 2023ஆம் ஆண்டில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் தங்க விருது பெற்ற பின்னர் அதன் புகழ் மேலும் பரவியுள்ளது. வருவோருக்கென விடுதிகள் எழுகின்றன. சமவெளியின் தகரக் கூரையும், நிழலற்ற கண்ணாடிச் சாளரமும், காப்பற்ற தளமும் மலைக்கும் வந்தால், உயரம் அளித்த கொடையைக் கட்டடம் பறித்துவிடக்கூடும். பகலில் வெந்து இரவில் விறைக்கும் அறைக்குப் பகலில் விசிறியும் இரவில் வெப்பமூட்டியும் வேண்டியிருக்கும். மண்சுவர் இரண்டிற்கும் ஒருங்கே விடையளித்த ஊரில் மின்சாரம் இரண்டிற்கும் தனித்தனியே செலவாகும்.

இடுக்கி நீர்த்தேக்கத்தில் கோடையில் எஞ்சியிருக்கும் ஒவ்வோர் அடி நீரும் மருத்துவமனைக்கும் பாசனத்திற்கும் தொழிலகத்திற்கும் வேண்டிய மின்சாரமாகும். அதனைக் கூரையின் வெப்பத்தை இரவெல்லாம் வெளியேற்றுவதற்குச் செலவிடுவதைவிட, அவ்வெப்பம் நுழையாமல் தடுப்பது எளிது, மலிவானதும் அதுவே. அடுத்த மாசி மாதத்தில் ஒரு வாளிச் சுண்ணாம்புடன் மொட்டைமாடிக்கு ஏறும் குடும்பம் தன் செலவைக் குறைத்துக்கொள்வதோடு நாட்டின் மின்பளுவையும் சிறிது குறைக்கிறது.